களப்பில் எடுத்த பறவைப் படம்: எங்கே பிழைத்தது, எப்படித் திருத்துவது

கார்த்திகை மழை ஓய்கிற நேரத்தில் யாழ்ப்பாணத்துக் களப்புகளில் வலசைப் பறவைகள் வந்து குவிந்துவிடும். பண்ணைப் பாலத்தால் போனாலும் சரி, அராலி, மண்டைதீவு, தொண்டைமானாறு, சரசாலைக் குருவிக்காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உள்ளான்களும் கண்ணில் படும். பங்குனி வரை இப்படித்தான். கமராவும் கையுமாக அலைகிற தம்பி தங்கைகள் இந்த மாதங்களில்தான் எனக்குப் படங்களை அனுப்பிக் கேட்பார்கள்: "அண்ணை, படம் ஏன் ஷார்ப்பா வரேல்லை? எதிலை போட்டு இதைச் சரியாக்கலாம்?"

இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் முதல் கேள்விக்கு விடை காண வேண்டும். படத்தைக் கணினியில் திறந்ததும் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பறவையின் கண்ணைப் பாருங்கள். பிறகு காலைப் பாருங்கள், காலடி மண்ணைப் பாருங்கள், முன்னும் பின்னும் உள்ள புல்லைப் பாருங்கள். அதே நொடியில் எடுத்த அடுத்த நாலு படங்களையும் திறந்து ஒப்பிடுங்கள். மங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஐந்து வேறு வேறு பிழைகள் இருக்கின்றன. ஒன்றுக்கான திருத்தம் மற்றதைக் கெடுக்கும். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கண் மங்கல், ஆனால் படத்தில் வேறு ஏதோ ஒன்று கூர்மை

முன்னால் உள்ள புல் துல்லியமாக இருக்கிறது, பறவையின் கண் மெழுகு போல இருக்கிறது என்றால் போகஸ் தவறி விழுந்த இடம் அந்தப் புல்தான். நீண்ட லென்ஸில் கூர்மையாக வரும் ஆழம் எவ்வளவு சிறியது என்பதைப் பலர் உணர்வதில்லை. 600 மில்லிமீற்றர் லென்ஸ், துளை எப் 6.3, பறவை 10 மீற்றர் தூரத்தில் என்று வையுங்கள். ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தை விடச் சிறிய) சென்சரில் கூர்மையாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். சங்குவளை நாரையின் அலகே அதைவிட நீளம். நாரை உங்களைப் பார்த்துத் திரும்பி நின்றால், அலகு நுனியில் போகஸ் விழுந்தால், கண் போய்விடும்.

புல்லும் வடலியும் நிறைந்த இடத்தில் கமரா தானாகப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள புதிய கமராவானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதுவும் பறவையின் தலைக்கு முன்னால் நாணல் ஆடினால் தடுமாறும். போகஸ் எப்போதும் தொடர் முறையில் இருக்கட்டும். கனனில் அதற்கு ஏஐ சேர்வோ அல்லது சேர்வோ என்று பெயர், நிக்கன், சோனியில் ஏஎப்-சி. நடந்து மேயும் உள்ளானை ஒற்றை முறையில் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், அழுத்துகிற நேரத்துக்குள் அது இரண்டு எட்டு வைத்திருக்கும்.

எப்போதும் ஒரே அளவு முன்னாலோ, எப்போதும் ஒரே அளவு பின்னாலோ போகஸ் விழுகிறது என்றால் அது கையின் பிழை அல்ல. பழைய டிஎஸ்எல்ஆர் கமராக்களில் லென்ஸும் உடலும் பொருந்தாமல் இப்படி வரும். மெனுவில் போகஸ் நுண்திருத்தம் இருந்தால் அதில் சரிசெய்யலாம். கண்ணாடியில்லாக் கமராக்களில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, அவை சென்சரிலேயே போகஸைப் பார்க்கின்றன.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

பறவை, கல், புல் எல்லாமே ஒரே பக்கமாக இரட்டைக் கோடு போட்டது போல இருந்தால் அது கை நடுக்கம். ஷட்டர் வேகம் ஒன்றின் கீழ் லென்ஸின் நீளம் என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல தொடக்கம். 600 மில்லிமீற்றர் லென்ஸை ஏபிஎஸ்-சி கமராவில் பூட்டினால் அது ஏறக்குறைய 900 போல வேலை செய்யும், எனவே ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தால் இதற்குக் கீழும் போகலாம்.

முக்காலியைக் களப்புச் சேற்றில் நட்டு வைத்துப் பாடுபடுவதை விட, தடித்த துணியில் ஒரு பை தைத்து இரண்டு கிலோ பயறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கையிலோ, வான் ஜன்னலிலோ, பாலத்துக் கட்டிலோ அதை வைத்து லென்ஸை அதன்மேல் படுக்க வைத்தால் நடுக்கம் பாதியாகக் குறையும். ஊரில் எங்கேயும் கிடைக்கும் பொருள், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

கால் கூர்மை, தலை மட்டும் கலங்கல்

மண்ணும் காலும் தெளிவாக இருந்து தலையோ இறகோ மட்டும் கலங்கினால், பறவை அசைந்திருக்கிறது. நடுக்கத் தடுப்பு இதற்கு எதுவும் செய்யாது, அது உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும். புலுனி ஒன்று சும்மா இருப்பது போலத் தெரியும், ஆனால் அதன் தலை ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் திரும்புகிறது என்று பாருங்கள். அமர்ந்திருக்கும் சிறு பறவைக்கே 1/1000 வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் கொக்குக்கும் நாரைக்கும் 1/2000, பனை உழவாரன், பஞ்சுருட்டான் போன்றவற்றுக்கு 1/3200 அல்லது அதற்கும் மேல்.

நான் பயன்படுத்தும் முறை எளிது: கமரா எம் முறையில், ஷட்டர் வேகமும் துளையும் என் கையில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மட்டும் தானியங்கி. வெளிச்சம் குறையும்போது ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் புள்ளி கூடும். அதைக் கணினியில் குறைக்கலாம். கலங்கிப்போன தலையைக் கணினியில் திரும்ப வரைய முடியாது.

எந்தப் படமும் எப்போதும் கொஞ்சம் மந்தம்

கிட்ட இருக்கும் பறவை, நல்ல வெயில், வேகமான ஷட்டர், அப்போதும் ஒரு மெல்லிய பாலாடை படர்ந்தது போலவா? லென்ஸின் முன் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் அரை மணித்தியாலம் நின்றாலே உப்பு படிந்துவிடும். துணியால் நேரடியாகத் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மென்துணியால் வெளிவட்டம் நோக்கித் துடைக்க வேண்டும்.

அடுத்தது பில்டர். லென்ஸ் வாங்கும்போது ஒரு கடையில் பாதுகாப்புக்கென்று மலிவான யுவி பில்டர் ஒன்றைச் சேர்த்துத் தந்தார்கள். ஒரு பருவம் முழுக்க அதோடுதான் எடுத்தேன். அந்தப் பருவத்துப் படம் எதிலும் இறகின் இழை இல்லை. கழற்றிய அன்று இழை தெரிந்தது. பெரிய லென்ஸில் அந்தக் கண்ணாடி சிறிதளவு வளைந்திருந்தாலும் போதும், கூர்மை போய்விடும். பாதுகாப்புக்கு லென்ஸ் மூடாக்கு (ஹூட்) போதும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். 6 மீற்றர் தள்ளிக் கமராவை அசையாமல் வைத்து, நடுக்கத் தடுப்பை நிறுத்தி, பத்துச் செக்கன் தாமதத்தில் எடுங்கள். எழுத்து கூர்மையாக வந்தால் லென்ஸில் குறையில்லை. வராவிட்டால், உள்ளே வெளிச்சம் அடித்துப் பூஞ்சை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரியும். எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அலுமாரிக்குள் மூடிவைத்த லென்ஸ் அதிகம் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், மாரியில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும்.

எதுவுமே கூர்மை இல்லை, ஒவ்வொரு படமும் வேறு விதமாக மங்கல்

இதுதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய பெரிய தொல்லை. லென்ஸை மாற்றுகிறார்கள், கமராவை மாற்றுகிறார்கள், பிழை மட்டும் மாறுவதில்லை. ஏனென்றால் பிழை இருப்பது காற்றில்.

கானல். வெயில் ஏறியதும் உப்பு வெளியும் தார்ச்சாலையும் சூடாகி, அவற்றின் மேல் உள்ள காற்று அடுக்கடுக்காக வேறு வேறு வெப்பத்தில் அலையும். வெப்பம் மாறும் இடத்தில் ஒளி வளையும். 150 மீற்றர் தூரத்தில் நிற்கும் பூநாரையிலிருந்து வரும் ஒளி இத்தனை அலைகளையும் கடந்துதான் உங்கள் லென்ஸுக்குள் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தை நீண்ட லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும்.

அடையாளம் காண்பது சுலபம். தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் ஒன்றில் தலை கொஞ்சம் தெளிவு, அடுத்ததில் கால் தெளிவு, அடுத்ததில் எதுவும் இல்லை. பூநாரையின் கால் நேர்கோடாக இல்லாமல் நெளிந்திருக்கும். பின்னணியின் மங்கல்கூட வழவழப்பாக இல்லாமல் கரடுமுரடாக இருக்கும். இப்படி வந்தால் போகஸைக் குறை சொல்லாதீர்கள்.

செய்யக்கூடியது மூன்று. நேரம் முதலாவது. தை மாதத்தில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு எழும். அதிலிருந்து எட்டரை வரைதான் களப்பில் நல்ல காற்று. மப்பு நாளானால், அல்லது இரவில் மழை பெய்து நிலம் குளிர்ந்திருந்தால், பத்து மணி வரையும் தாங்கும். இரண்டாவது தூரம். 30 மீற்றருக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள், தூரத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். மூன்றாவது உயரம், இதில்தான் ஒரு முரண் இருக்கிறது. தரையோடு படுத்து எடுத்தால் பின்னணி அழகாகும் என்று எல்லோரும் சொல்வது உண்மை, ஆனால் கானல் மிக மோசமாக இருப்பதும் தரையோடுதான். அதனால் காலையில் படுத்து எடுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு எழுந்து நில்லுங்கள்.

வாகனத்துக்குள் இருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலைத் திறந்து லென்ஸை நீட்டினால், உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து தனியாக ஒரு கானலை உண்டாக்கும். குளிரூட்டியை நிறுத்தி, எல்லா ஜன்னலையும் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

கணினியில்? ஷார்ப்பன் ஸ்லைடரைக் கூட்டினால் நெளிவுதான் கூர்மையாகும். தூரத்தில் நிற்கும் கூட்டத்தை அகலமாக எடுங்கள், களப்பும் வானும் பனங்கூடலும் சேர்ந்த காட்சியாக. சின்னதாகத் தெரியும் பறவையில் கானல் தெரியாது.

வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது

கமராவின் ஒளிமானி தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கரிய சேற்றுக்கு முன்னால் நிற்கும் கொக்கைப் பார்த்தால், படத்தில் பெரும்பகுதி கறுப்பு என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் முதுகு எரிந்துவிடும். மூன்று நிறத் தடமும் நிரம்பிவிட்டால் அங்கே இறகு என்று எந்தத் தகவலும் பதியவில்லை. ஹைலைட் ஸ்லைடரைக் குறைத்தால் வெள்ளைத்தாள் சாம்பல் தாளாகும், அவ்வளவுதான்.

கறுப்புப் பின்னணி என்றால் ஒளி ஈடுசெய்தலை 1 அல்லது 1.3 படி குறையுங்கள் (ஒரு படி கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி). பிரகாசமான வானத்துக்கு முன்னால் அதே கொக்கு பறந்தால் கதை தலைகீழ், 1 படி கூட்ட வேண்டும். இப்படிப் பின்னணிக்குப் பின்னணி மாற்றிக்கொண்டிருப்பது களைப்பு. அதனால் வெயில் நிலையாக இருக்கும் நாளில் ஐஎஸ்ஓவையும் கையில் எடுத்துக்கொள்வேன். நல்ல வெயிலுக்கு எப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்பது பிலிம் காலத்துக் கணக்கு. ஐஎஸ்ஓ 400 இல் அது எப் 5.6, 1/3200 ஆகும். வெள்ளைப் பறவைக்கு அதிலிருந்து ஒரு படி குறைத்து ஐஎஸ்ஓ 200 வையுங்கள். கொக்கு சேற்றுக்கு முன்னால் போனாலும் வானத்துக்கு முன்னால் போனாலும் அதன்மேல் விழும் வெயில் ஒன்றுதான், எனவே அளவும் ஒன்றுதான். காலைச் சாய்வெயிலில் இதைவிட இரண்டு படி கூடுதலாகத் தொடங்கி, திரையில் மின்னும் எச்சரிக்கையைப் பார்த்து இறங்குங்கள்.

றோ கோப்பாக (கமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பாக) எடுங்கள். ஜேபெக்கில் எரிந்தது போலத் தெரியும் வெள்ளையில் றோ கொஞ்சம் மீட்டுத் தரும். கணினியில் முகமூடி போட்டுப் பறவையை மட்டும் தேர்ந்து ஹைலைட்டைக் குறைத்து, டெக்ஸ்சரைச் சிறிது கூட்டினால் இறகு அடுக்கு எழும்பும். கிளாரிட்டியை வெள்ளைப் பறவைக்குக் கூட்டாதீர்கள், அழுக்குப் படிந்தது போலாகும்.

காகமும் கரிச்சானும் கறுப்புத் துண்டாக வருகின்றன

இலங்கையில் கரிச்சான் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும்தான் வாழ்கிறது. கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் ஆசையாகத் தேடும் பறவை நம் வீட்டு மின்கம்பியில் குந்தியிருக்கும். அதை வானத்துக்கு எதிரே எடுத்தால் வெறும் நிழல். ஒளியை 1.5 படியாவது கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அதைவிட நல்லது, அது வேலிக்கோ மாட்டின் முதுகுக்கோ இறங்கும் வரை பார்த்திருந்து, சாய்வெயில் நேராக அடிக்கும்போது எடுப்பது. கறுப்பு இறகின் நீலப் பளபளப்பு அந்தக் கோணத்தில்தான் தெரியும். கணினியில் நிழலை இரண்டு படிக்கு மேல் தூக்கினால் கறுப்பு ஊதாவாக மாறி, புள்ளிகள் கிளம்பும்.

எல்லாப் படத்திலும் பறவையின் முதுகுதான்

இதைப் பிழை என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை, ஆனால் அனுப்பும் படங்களில் பாதி இப்படித்தான். பறவை உங்களைக் கண்டு போகிறது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் காற்று. பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாக. மேயும்போதும் பெரும்பாலும் காற்றைப் பார்த்தே நிற்கும், பின்னாலிருந்து அடித்தால் இறகு கலையும் அல்லவா.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களும் வாடை மாதங்களும் ஒன்றுதான். காலை வெயிலும் கிழக்கிலிருந்து. அப்படியானால் மார்கழி, தை மாதக் காலைகளில் வெயிலையும் காற்றையும் சேர்த்து முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால், பறவை முகத்தில் வெளிச்சத்தோடு உங்களை நோக்கி எழும்பி வரும். யாழ்ப்பாணத்துக்கு இயற்கை தந்த பெரிய வசதி இது, இதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நின்று எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். பண்ணைப் பாலத்தால் நகரத்திலிருந்து போகும்போது காலையில் வலது கைப்பக்கத்துத் தண்ணீர், மாலையில் இடது கைப்பக்கத்துத் தண்ணீர். சோளகக் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து, அப்போது மாலைதான் உங்கள் நேரம்.

பறக்கும் பறவையைக் கமரா பிடிக்கவே மாட்டேன் என்கிறது

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டிருக்கும், அதற்குள் பறவை போய்விடும். லென்ஸின் பக்கத்தில் போகஸ் எல்லை விசை இருந்தால் கிட்டத்துத் தூரத்தை வெட்டிவிடுங்கள், தேட வேண்டிய தூரம் குறையும். பறவை வரும் முன்பே அதே தூரத்தில் உள்ள வேறொரு பொருளில் போகஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளியை விட்டுச் சிறு வலயத்துக்கு மாறுங்கள். ஓசையில்லா மின்னணு ஷட்டரில் சிறகடிப்பு வளைந்து தெரிந்தால், வேகம் குறைந்த சென்சர் அதை வரிவரியாக வாசிப்பதுதான் காரணம். பொறிமுறை ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

பழகுவதற்குச் செம்பருந்தை விட நல்ல ஆசிரியர் இல்லை. குருநகர், பாசையூர்க் கரைகளில் மீன் இறங்கும் நேரத்தில் வட்டமிடும், திரும்பத் திரும்ப ஒரே வழியால் வரும், மெதுவாக வரும்.

புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல

ஐஎஸ்ஓ கூடியதால் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. ஐஎஸ்ஓ 3200 இல் சரியான ஒளியில் எடுத்த படம், ஐஎஸ்ஓ 800 இல் இருட்டாக எடுத்துக் கணினியில் இரண்டு படி தூக்கிய படத்தை விடப் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுக்காதீர்கள்.

மற்றப் பாதி வெட்டுவது. 24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000க்கு 4000. அதில் தூரத்து ஆக்காட்டியை 1500க்கு 1000 அளவில் வெட்டி எடுத்தால் சென்சரின் பதினாறில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறீர்கள். புள்ளியும் மங்கலும் நாலு மடங்கு பெரிதாகத் தெரியும். எந்த மென்பொருளும் இதற்கு ஈடு தராது.

புள்ளி நீக்கத்தை எடிட்டிங்கின் தொடக்கத்திலேயே, றோ கோப்பில் செய்யுங்கள். லைட்ரூம் மென்பொருளில் 2023 இல் வந்த செயற்கை நுண்ணறிவு டீநொய்ஸ் மிக நல்லது, அதே வேலையைச் செய்ய டிஎக்ஸ்ஓ, டோபாஸ் போன்றவையும் உண்டு. காசு கொடுக்க முடியாதவர்கள் டார்க்டேபிள், றோதெரபி இரண்டையும் இலவசமாக எடுத்துப் பழகலாம். ஒன்று கவனம்: இவை முழு அளவில் போனால் இல்லாத இறகை வரைந்துவிடும், உள்ளானின் மார்புக் கோடுகள் பிளாஸ்டிக் ஆகும். நான் பறவைக்குக் குறைவாகவும் பின்னணிக்குக் கூடுதலாகவும் வைப்பேன். ஒரு புள்ளியும் இல்லாத படம் பார்க்கவும் நன்றாக இருப்பதில்லை.

பூநாரை ரோசாப்பூ நிறத்தில்

பிளமிங்கோ என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பறவையை இணையத்தில் பார்க்கும்போது கடும் ரோசாவாக இருக்கும். நம் களப்புக்கு வருவது பெரும் பூநாரை. அது கிட்டத்தட்ட வெள்ளை, மெல்லிய ரோசா ஏறியது. கடுஞ்சிவப்பு இறக்கைக்குள் ஒளிந்திருக்கும், பறக்கும்போதுதான் விரியும். இளம் பறவைகள் சாம்பல் கலந்த மண்ணிறம். அந்த நிறமே உண்ணும் உணவிலிருந்து ஏறுவது. சாச்சுரேஷனைக் கூட்டி எல்லாவற்றையும் ரோசாவாக்கினால் இளசு எது, முதிர்ந்தது எது என்பதே தெரியாமல் போகும். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் பூட்டி எடுங்கள், பிறகு வைப்ரன்ஸ் ஐந்து, பத்துக்கு மேல் வேண்டாம்.

பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு

ஷார்ப்பன் அளவு மிஞ்சியிருக்கிறது, அல்லது பறவைக்குப் போட்ட முகமூடியின் விளிம்பு சரியாக விழவில்லை. லைட்ரூமில் ஷார்ப்பனிங் ஆரத்தை 1.0க்குக் கீழே வைத்து, மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையோடு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் ஷார்ப்பன் போகும். வானம் முழுக்கக் கறுப்பாகும் வரை இழுங்கள். கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரிந்தால் அது வேறு, லென்ஸ் திருத்தத்தில் நிறப் பிறழ்வு நீக்கத்தைத் தட்டிவிட்டால் போய்விடும்.

பின்னணி ஒரே குழப்பம்

மின்கம்பி, கம்பிவேலி, பிளாஸ்டிக் போத்தல். இரண்டு எட்டு பக்கமாக நகர்ந்தாலே பாதி போகும். பறவைக்கும் பின்னணிக்கும் உள்ள தூரம், உங்களுக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தை விடக் கூடுதலாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். முகம்மேல் விழுந்த ஒரு புல்லைக் கணினியில் நீக்குவது எனக்குச் சம்மதம். பறவைப் பதிவுக்கோ போட்டிக்கோ கொடுக்கும் படத்தில் அதையும் செய்வதில்லை.

கணினியில் அழகு, போனில் அசிங்கம்

நிறம் வெளிறினால் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அமைப்பில் நீங்கள் ஏற்றுமதி செய்யவில்லை. கூர்மை போனால் வட்ஸ்அப் அமுக்கிவிட்டது, ஆவணமாக அனுப்புங்கள். பேஸ்புக்குக்கு நீண்ட பக்கம் 2048 பிக்சலாக நீங்களே சுருக்கி, சுருக்கிய பின் கடைசியாக ஒரு சிறு ஷார்ப்பன் கொடுங்கள்.

கிட்டப் போனாலே பறந்துவிடுகிறது

மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு, கானலுக்கும் புள்ளிக்கும் மங்கலுக்கும், வேர் தூரம். அதைக் குறைக்கப் பறவையைத் துரத்துகிறோம், அது இன்னும் தூரமாகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்து வந்து மேயும் பறவைக்கு, ஒவ்வொரு தரம் எழும்புவதும் சேர்த்து வைத்த கொழுப்பில் இழப்பு. பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுப்பவர்களை மண்டைதீவுப் பக்கம் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கிளையை விலக்காதீர்கள், நீங்கள் போனதும் காகம் அந்த வழியால் வரும். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவானது. அங்கே விதிகள் சட்டமாகவே இருக்கின்றன. படை முகாம்கள் இருக்கும் கரைகளில் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பாமல் இருப்பதும் நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் அராலிக் கரையில் நெடுங்கால் உள்ளான் கூட்டம் ஒன்றின் பின்னால் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன். நான் பத்து மீற்றர் போனால் அவை முப்பது மீற்றர் போகும். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கலைச்சுக்கொண்டு திரியாதையும். உதிலை இரும். தண்ணி வத்த அதுகள் தானா வரும்."

அவர் காட்டிய இடத்தில் ஒரு கண்டல் மரத்தின் ஓரமாக, வெயில் முதுகில் படும்படி சேற்றில் உட்கார்ந்தேன். லென்ஸைப் பயற்றம் பையில் வைத்துவிட்டுக் கையை அசைக்கவில்லை. தண்ணீர் விலகிய சேற்றில் முதலில் ஒன்று வந்தது, அதன் பின்னால் மூன்று. ஏறக்குறைய 40 நிமிடத்தில் 8 மீற்றருக்குள் நின்று மேய்ந்தன. 1/1250, எப் 6.3, ஐஎஸ்ஓ 640. வெட்டவில்லை, புள்ளி நீக்கவில்லை. கணினியில் செய்தது வெள்ளை மார்பின் ஒளியை 0.3 படி குறைத்தது மட்டும்.